குறியீடு பதினேழு

ஓட்ரா ஆறு ஓப்போலே நகருக்குள் வந்துபோன பிறகு
எங்கள் ஐந்தாவது மாடிக்கும் ஏறியது தண்ணீர்,
காகிதமாக.
நிலவறைகள், கொதிகலன்கள், ஒரு பியானோ,
சைக்கிள்கள், மேலும் சைக்கிள்கள்.
பாதி என் மேசைக்கு, பாதி எதிரே போக்னாவுக்கு.

அப்போது அவள் கடிதங்களைப் படிப்பாள்.
துதெக் என்றொரு லாரி ஓட்டுநர்
போன ஜாடிகளை எண்ணி எழுதியிருந்தார்:
வெள்ளரி நாற்பது, பிளம் பதினொன்று,
செர்ரி ஒன்று.
கடைசியாக மனைவி போட்டுவைத்தது,
விலை தெரியவில்லை.

போக்னா அவரைப் போனில் அழைத்தாள்.
நாற்பது நிமிடம்.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து வித்தோல்ட்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
கெட்ட மனிதரில்லை,
அவருக்குப் பின்னாலும் ஒரு கண்ணாடிக் கதவு.

ஜனவரியில் புது மென்பொருள்.
தண்ணீர் என்றால் பதினேழு.
பியானோவும் பதினேழு, செர்ரியும் பதினேழு.
ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம்,
ஏழாவது நிமிடத்தில் திரை ஓரம் சிவக்கும்.

அவள் இரண்டு முறை கேட்டுப்பார்த்தாள்,
ஒரு குறிப்பு எழுதுமளவு இடமாவது வேண்டுமென்று.
பதிலாக எல்லோருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு வந்தது,
பிஸ்கட்டோடு.

மனசை ஏன் மேலே கொண்டுவருகிறாய்,
கோட்டோடு கீழேயே மாட்டிவிட்டு வா.
சொன்னவன் நான்தான்.
பீட்ரூட் சூப்பை ஊதிக்கொண்டே சொன்னேன்.

அப்படியே செய்தாள்.
சிவப்பு ஓரம் அவள் திரையில் வரவே இல்லை.
நான்கு மணிக்கு நாற்காலி காலி.
கூட்டத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பின்
ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பாள்,
யாரோ அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதுபோல.
எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒட்டாமல் இருப்பதற்குத்
தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம்.
துளியைத் துளியாகவே தாங்கி,
உள்ளே விடாமல், கீழேயும் விடாமல்,
நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும் இலையை
யார் கேட்டார்கள்?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்கினாள்.
திங்களன்று இன்னும் களைத்து வந்தாள்.
வேலை கூடியிருக்கவில்லை, குறைந்திருந்தது.
நானே எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபரில் ஒரு காலை
சுழல்கதவில் எனக்கு முன்னால் நுழைந்தாள்.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.
பிறகு தெருப் பக்கமே வெளியே வந்து
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்,
கையில் அடையாள அட்டை,
அதைத் தூக்க முடியவில்லை என்றாள்.
நான்கு கிராம் இருக்குமா அது?

அதிக வேலையா என்று மருத்துவர் கேட்டாராம்.
இல்லை, பத்து மாதமாக நான் எதுவுமே செய்யவில்லை.
அப்புறம் ஏன் இவ்வளவு அசதி?
அதைத்தான் எட்டு மணி நேரமும்
செய்துகொண்டிருந்தேன், டாக்டர்.

அவள் கோப்புகள் என்னிடம் வந்தன.
அடியில் துதெக்கின் இன்னொரு கடிதம்,
பிப்ரவரித் தேதி, பிரிக்காத உறை.
கொதிகலனுக்குப் பின்னால் சேற்றைத் தோண்டியபோது
அந்த செர்ரி ஜாடி கிடைத்ததாம், விரிசல்கூட இல்லையாம்.
தயவுசெய்து கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.
போனில் பேசிய அம்மாவிடம் சொல்லுங்கள்,
அவர் சந்தோஷப்படுவார்.

குறியீட்டுப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
கிடைத்ததற்கு எண் இல்லை.
ஐந்தாவது நிமிடம்.
பதினேழை அழுத்தினேன்.
இழப்பின் மதிப்பு, என்று கேட்டது திரை.

ஓரம் சிவந்துகொண்டு வருகிறது.
போன் இடப்பக்கம் இருக்கிறது,
கை எட்டும் தூரம்தான்.